கிடா வாடை

நரின்
டிசம்பர் 9, 1978

சம்பந்தி ஓமுராலி அவர்களுக்கு, ஜூராகான் எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். இது எனக்காக எழுதுவது இல்லை. உங்கள் மகளுக்காக.

குல்சுன் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டும் நான்காம் மாதத்தில்தான் கலைந்தன என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் இந்தத் தடவை அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை. உங்களிடமும் சொல்லவேண்டாம் என்றுதான் அவள் கேட்டுக்கொண்டாள். மீறி எழுதுகிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எதுவும் வயிற்றில் தங்குவதில்லை. ரொட்டி, தேநீர், பால் எல்லாம் வந்த வழியே போகிறது. செம்மறிக் கறி கொதிக்கிற வாசனை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். இந்தக் குளிரில், செருப்புக்கூடப் போடாமல். என் மகன் எஸென் கறி வேண்டாம் என்று காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகிறான். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். திட்டியிருந்தால்கூட எனக்குப் பயம் வந்திருக்காது.

நேற்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "எதுதாண்டி உனக்கு இறங்கும்? வாயைத் திறந்து சொல்லேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா வேட்டையாடி வைக்கிற மலையாட்டுக் கறி, அத்தை. வெறும் உப்பு போட்டு வைப்பாரே, அது."

மசக்கைக்காரி வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்காமல் இருக்கலாமா? உங்கள் மலையில் வேறு வழக்கம் இருந்தால் எழுதுங்கள். ஷர்ஷென் உங்கள் பக்கம் நிலக்கரி லாரி ஓட்டுகிறான். இதைக் கொண்டுவருகிறவனும் அவன்தான். அவனிடமே கொடுத்தனுப்புங்கள்.

கல்யாணத்தில் நடந்ததைப் பேச இது நேரமில்லை.

ஜூராகான்

*

கோக்-ஜார்
டிசம்பர் 14

ஜூராகானுக்கு,

எப்போது நேரம் என்று நீங்கள் முடிவு செய்யவேண்டாம். நான் பேசித்தான் ஆகவேண்டும்.

பெண்ணைப் பெற்றவன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். மூத்த விருந்தாளிக்கு வைக்கிற இடுப்பெலும்பை உங்கள் அண்ணனுக்கு வைத்தீர்கள், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் என்பதற்காக. எனக்கு வந்தது முன்னங்கால் எலும்பு. எங்கள் வீட்டில் அதைக் குதிரை பிடித்துக் கட்டுகிற பையன்களுக்குக் கொடுப்போம். எந்த எலும்பு யாருக்கு என்று தெரியாத குடும்பத்துப் பெண் இல்லை நீங்கள். தெரிந்தே வைத்தீர்கள். அந்தத் தட்டைத் தொடாமல் எழுந்து வந்தேன். உங்கள் வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன். மிதிக்கவில்லை. இனியும் மிதிக்கமாட்டேன்.

அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும். குல்சுன் கணக்கு வேறு.

கேட்டவள் கேட்கக்கூடாத மாதத்தில் கேட்டிருக்கிறாள். கிடாக்கள் இப்போது பருவத்தில் இருக்கின்றன. மேய்ச்சலை மறந்து பெட்டைகளின் பின்னால் சுற்றுகின்றன. தன் வயிற்றிலும் தாடியிலும் தானே மூத்திரம் பெய்துகொண்டு நிற்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால், கண் பார்ப்பதற்கு முன் மூக்கு சொல்லிவிடும். குல்சுன் சின்ன வயதில் தின்றதெல்லாம் கோடை முடிவில் அடித்த ஆடு. கொழுத்த ஆடு, வாடை இல்லாத ஆடு.

பெட்டையை அடிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கிடா ஏறிய பிறகு பெட்டையைச் சுட்டதில்லை. சுடுவதும் இல்லை. அதிலும் வீட்டில் ஒருத்தி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது.

கிடாதான் அனுப்பியிருக்கிறேன். கூட்டத்தில் சின்னது. வயிற்றுத் தோலை முதலில் தனியாக அறுத்து எறிந்துவிட்டேன். மயிரைத் தொட்ட கை கறியைத் தொடவில்லை. ஒரு கையால் தோலைப் பிடித்து, மறு கையால்தான் கறியைப் பிரித்தேன். கத்தியைப் பனியில் துடைத்துத் துடைத்து அறுத்தேன். தண்ணீர் காட்டவில்லை. கூரைக்கு அடியில் காற்றில் தொங்கவிட்டு இறுகிய பிறகுதான் சாக்கில் கட்டினேன். சூட்டோடு கட்டினால் கறி புளித்துப்போகும், ஷர்ஷென் எஞ்சின் பக்கத்தில் வைத்தாலும் அப்படியே. அவனிடம் சொல்லியிருக்கிறேன். "மாமா, இது என்ன கறியா, மணப்பெண்ணா?" என்கிறான். மணப்பெண் என்றே நினைத்துக்கொள் என்றேன்.

அடுப்பு பக்கத்தில் வைத்து உருக்காதீர்கள். சில்லென்று குளிர்ந்த அறையில் மெல்ல இளகட்டும். உப்புத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீர் சிவந்தால் மாற்றுங்கள். தெளியும்வரை மாற்றுங்கள். பிறகு ஓர் இரவு புளித்த மோரில் கிடக்கட்டும். முதல் கொதியைக் கீழே ஊற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு உப்பு, ஒரு வெங்காயம். நெருப்பு பொங்கக் கூடாது, முணுமுணுக்க வேண்டும்.

அவள் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அவள் அம்மாவுக்கு நோய் அப்படித்தான் முதலில் தெரிந்தது.

ஓமுராலி

*

நரின்
டிசம்பர் 22

சம்பந்திக்கு,

கால் வீங்கவில்லை. வீங்குவதற்கு உடம்பில் என்ன இருக்கிறது?

நீங்கள் எழுதியதை ஒரு வரி விடாமல் செய்தேன். தண்ணீரை மாற்றி மாற்றிக் கை மரத்துப்போனது. என் மாமியார் எனக்குக் கொடுத்த கொப்பரையில், அது இந்தத் தெருவுக்கே ராசியான கொப்பரை, மெல்லிய நெருப்பில் வைத்தேன். வெறும் கறி வறட்டுக் கறியாக இருக்கிறதே, மசக்கைக்காரிக்கு இப்படியா போடுவது என்று செம்மறி வால்கொழுப்பு ஒரு துண்டு சேர்த்தேன். அவ்வளவுதான் நான் சேர்த்தது.

ஆசையாக எழுந்து உட்கார்ந்தாள். தலையை வாரிக்கொண்டாள். கிண்ணத்தைக் கையில் வாங்கினாள். ஆவி முகத்தில் பட்டதும் கிண்ணத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க அத்தை" என்றாள். பிறகு வாளியைத் தேடினாள்.

நான் என்ன நினைப்பேன்? அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு எலும்பாக எண்ணலாம்.

உங்கள் கிடா நாறுகிறது, சம்பந்தி. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஜூராகான்

*

கோக்-ஜார்
டிசம்பர் 28

ஜூராகானுக்கு,

ஒரு வரி விடாமல் செய்தேன் என்று எழுதிவிட்டு, நான் எழுதாத ஒரு வரியைச் செய்திருக்கிறீர்கள்.

கொழுப்பு! வாடை தங்குகிற இடமே கொழுப்புதான். கிடாவின் கொழுப்பு, சவ்வு, நரம்பு எல்லாவற்றையும் நான் இரண்டு பொழுது உட்கார்ந்து சுரண்டி எடுத்து அனுப்பினால், நீங்கள் அதில் செம்மறியின் வாலைப் போடுகிறீர்கள். எதைப் பார்த்து அவள் வாசலுக்கு ஓடுகிறாளோ, அதையே கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். கொழுப்பு போடாமல் விருந்து வைத்தால் ஊர் பேசும் என்ற பயம் உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. அவள் விருந்தாளி இல்லை. என் மகள்.

இன்னொரு கிடா அனுப்புகிறேன். முதுகுக் கறி மட்டும். வாடை குறைவாக ஏறும் இடம் அது. முன்போலவே செய்யுங்கள், கொழுப்பைக் கையால்கூடத் தொடவேண்டாம்.

இரவில் தூங்குகிறாளா? எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள்? நான் கேட்டால் ஏதாவது சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

ஓமுராலி

*

நரின்
ஜனவரி 7, 1979

சம்பந்திக்கு,

கொழுப்பு தொடவில்லை. வெங்காயம்கூடப் பாதிதான். இந்தத் தடவை ஒரு வாய் விழுங்கினாள். நான் மனசுக்குள் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். விழுங்கியது உள்ளே நிற்கவில்லை.

முந்தாநாள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். நான்காம் மாதம் நடக்கிறது. டாக்டரம்மா சொன்னாள்: "அம்மா, பாட்டில் தண்ணியிலே பிள்ளை வளராது. எதையாவது சாப்பிட வையுங்க." என்னை என்னவோ பட்டினி போடுகிற மாமியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

இப்போது நேராகவே கேட்கிறேன். பெட்டை அடித்து அனுப்புங்கள்.

கிடாவை எத்தனை தண்ணீரில் கழுவினாலும் கிடா கிடாதான். பெட்டைக்கு வாடை இல்லை என்று ஷர்ஷென்கூடச் சொல்கிறான். மலையில் திரிகிற ஆட்டின் குட்டிக்காக இரக்கப்பட்டு, சொந்தப் பேரனை விடுகிற தாத்தாவை நான் எந்தக் கதையிலும் கேட்டதில்லை. எலும்புக்காகப் பிடித்த பிடிவாதத்தை இதிலும் பிடிக்காதீர்கள். அப்போது அவமானம் எனக்கு, பொறுத்துக்கொண்டேன். இப்போது நஷ்டம் அவளுக்கு.

ஜூராகான்

*

கோக்-ஜார்
ஜனவரி 12

ஜூராகானுக்கு,

முடியாது.

பெக்தென் என்று ஒருவன் எங்கள் சரிவில் இருந்தான். அவனும் வேட்டைக்காரன்தான். கறி கொழுப்பாக இருக்கும் என்று குளிர்காலத்தில் சினையாட்டை அடிப்பான். கேட்டால், "மலையில ஆடா இல்ல?" என்று சிரிப்பான். அவனுக்கு நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். இன்று அந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் பனியை வாரிப்போட ஆள் இல்லை. அதனால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அதனால் இல்லை என்று நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

நான் ஆட்டுக்கு இரங்குகிறவன் இல்லை. என் வாழ்நாளில் எத்தனை அடித்திருப்பேன். குல்சுனுக்காகத்தான் பயப்படுகிறேன். ஒரு வயிற்றைக் கிழித்து இன்னொரு வயிற்றை நிரப்பச் சொல்கிறீர்கள். நிரம்புமா?

மூன்றாவது கிடா அனுப்புகிறேன். உறைபனியில் அதிக நாள் தொங்கியது. பாதிக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டேன், நல்ல இடம் மட்டும் இருக்கிறது. மோரில் இரண்டு இரவு போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். கிழவன் தாங்கமாட்டான் என்று மறைக்காதீர்கள். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்கமாட்டேன்.

ஓமுராலி

*

நரின்
ஜனவரி 18

சம்பந்திக்கு,

மறைக்கவேண்டாம் என்றீர்கள். இன்று காலை ரத்தம் பட்டிருக்கிறது. கொஞ்சம்தான். போன இரண்டு தடவையும் கொஞ்சத்தில்தான் ஆரம்பித்தது.

அவள் அழவில்லை. "அப்பாவுக்கு எழுதாதீங்க" என்றாள்.

ஷர்ஷென் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறான். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. உங்கள் முடிவு.

ஜூராகான்

*

கோக்-ஜார்
ஜனவரி 23

ஜூராகானுக்கு,

சாக்கில் இருப்பது பெட்டை.

சினை பிடிக்காத ஆடாகத் தேடினேன். கூட்டத்துக்கு ஒன்று இரண்டு அப்படி இருக்கும். தனியாக மேயும், முதுகு நேராக இருக்கும், கிடா அதன் பக்கம் போகாது. அப்படி ஒன்றைப் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் படுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷர்ஷென் கீழே ஹாரன் அடித்தான். பாதை மூடுவதற்கு முன் அவன் இறங்க வேண்டும்.

இதில் வாடை இல்லை. மோர் வேண்டாம், ஊறவைக்க வேண்டாம். உப்பு போட்டு வையுங்கள், போதும்.

குல்சுனிடம் கிடா என்றே சொல்லுங்கள். மற்றதை என்னிடம் கேட்காதீர்கள்.

ஓமுராலி

*

நரின்
ஜனவரி 24

சம்பந்திக்கு,

சாப்பிட்டாள்! முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டாள், சாற்றையும் குடித்தாள், உள்ளே நின்றது. மாலையில் இன்னொரு கிண்ணம். அதுவும் நின்றது. நேற்றிலிருந்து ரத்தமும் இல்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள், அது உங்கள் மூன்றாவது கிடா. மோரில் ஊறிய கறியை வீட்டில் வேகவைத்து எடுத்துக்கொண்டு போக நேரமில்லாமல், பச்சையாகவே சட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே நியூரா என்று ஓர் ஆயா இருக்கிறாள். வாய் துடுக்கு, மனசு வெண்ணெய். "கொடு இப்படி, நான் வச்சுத் தர்றேன். உன் மருமக மூஞ்சியைப் பார்த்தா என் வயிறு எரியுது" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். மின்சார அடுப்பில், ஒரு நசுங்கிய அலுமினியச் சட்டியில் வைத்தாள். அதே கறி, அதே உப்பு. குல்சுன் அந்தச் சட்டியை வழித்துக்கூடத் தின்றாள்.

வீட்டுக்கு வந்து என் கொப்பரைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு அதில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். மூடியைத் திறந்தால் செம்மறி வாடை! தண்ணீரில், சம்பந்தி! கொப்பரையைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் வீட்டின் பரக்கத்தும் ராசியும் போய்விடும் என்று என் மாமியார் சொல்லியிருந்தாள். அவளும் தேய்த்ததில்லை, நானும் தேய்த்ததில்லை. அவள் காலத்து ஆடெல்லாம் இன்னும் அந்த இரும்புக்குள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கிடாமேல் பழி போட்டேன். நாறியது என் கொப்பரை.

எழுதுவது எனக்குச் சுலபமில்லை, எழுதிவிட்டேன்.

பெட்டை வேண்டாம். சுடாதீர்கள். ஷர்ஷென் இன்னும் திரும்பவில்லை என்பதால், மேலே வைக்கோல் ஏற்றிப் போகிற லாரிக்காரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேரத்துக்கு வந்து சேரவேண்டும்.

ஜூராகான்

*

கோக்-ஜார்
ஜனவரி 27

ஜூராகானுக்கு,

வைக்கோல்காரன் நேற்று வந்தான். கடிதம் படித்தேன். அவள் சாப்பிட்டாள் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சினை இல்லை என்று நினைத்தது என் தப்பு. வயிற்றைத் திறந்ததும் தெரிந்தது. உள்ளங்கையில் அடங்கியது. கால்களை மடக்கி, குளிருக்குச் சுருண்டதுபோல் இருந்தது. குளம்பு வந்திருந்தது, வெள்ளையாக, மெழுகுபோல். ஷர்ஷென் பார்ப்பதற்குள் தொப்பியில் வைத்து எடுத்துப்போய்க் கல் அடுக்கி மூடினேன். அவன் வந்து, "என்ன மாமா, தொப்பி எங்கே? காது விழுந்துடும்" என்றான். காற்று கொண்டுபோய்விட்டது என்றேன்.

உங்கள்மேல் பழி இல்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் மறுத்தேன். பிறகு என் கைதான் சுட்டது. நான் யாருக்கும் வளைந்தவன் இல்லை. ஒரே ஒரு தடவை வளைந்தேன். ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும், உங்கள் நசுங்கிய சட்டி வேலையை முடித்திருக்கும்.

இப்போது எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். அந்தக் கறியை அவள் தின்றாளா? தின்றுவிட்டாள் என்றால், தின்னவில்லை என்று எழுதாதீர்கள். உண்மையை எழுதுங்கள். தூக்கம் வரவில்லை. வெளியே கிடக்கிற பனிச்சரிவைப் பார்த்தால்கூட யாரோ கணக்கு கேட்க வருவதுபோல் இருக்கிறது.

ஓமுராலி

*

நரின்
பிப்ரவரி 2

சம்பந்திக்கு,

தின்னவில்லை. பொய் சொல்வதாக இருந்தால் இதைவிட நீளமாக எழுதியிருப்பேன்.

"என்னிடம் கேட்காதீர்கள்" என்ற வரியைப் படித்ததுமே அது சினையாடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவேண்டாம் என்று நீங்கள் இதுவரை எழுதியதே இல்லை, மறைக்காமல் எழுதுங்கள் என்றுதான் கேட்பீர்கள். சாக்கை அவிழ்த்தேன். அழகான கறி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை. நாய்க்குப் போடவும் மனசு வரவில்லை, அது இன்னொரு பாவம்.

தெருவில் மூன்று கிழவிகள் இருக்கிறார்கள், பிள்ளை பெறுகிற வயதைத் தாண்டி வெகுகாலம் ஆனவர்கள். அவர்களைக் கூப்பிட்டேன். இது எந்த ஆடு, எப்படி வந்தது என்று மறைக்காமல் சொன்னேன். ஒருத்தி எழுந்து போகப் பார்த்தாள். மற்றவள், "உட்காருடி, நம்மகிட்ட இருந்து எடுத்துட்டுப் போக இனி என்ன இருக்கு?" என்றாள். வேகவைத்தேன், பங்கு வைத்தேன், துவா ஓதி வேண்டிக்கொண்டோம். எனக்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்காமல் விழுங்கினேன். சுட்டது உங்கள் கை என்று எழுதினீர்கள். கேட்டது என் வாய். அந்த வாய்தான் தின்னவேண்டும் என்று தோன்றியது.

டாக்டரம்மா நேற்று வயிற்றில் ஏதோ மின்கருவி வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். எனக்கு உயிர் போய்த் திரும்பியது. பிறகு அதன் காதுக்குழாயை என் காதில் வைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, குதிரை ஓடுவதுபோல் இருந்தது. "இருக்கு, ஆனா இன்னும் நாள் இருக்கு" என்றாள். நான்காம் மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. முடிந்த பிறகும் பயப்படுவேன். நீங்களும் பயப்படுவீர்கள். இரண்டு பேர் பயப்பட்டால் பாதிப்பாதி ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குல்சுன் கேட்கிறாள்: "அப்பா இந்த வாரம் ஒண்ணும் அனுப்பலையா அத்தை?" ஷர்ஷென் வெறும் கையோடு வந்தான் என்று சொல்லியிருக்கிறேன். உடனே முகம் சுருங்கிவிட்டது. கிடாக்கறி தீர்ந்துவிட்டது, நியூரா தினமும் காலிச் சட்டியைத் தட்டிக் காட்டுகிறாள்.

நீங்கள் துப்பாக்கியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். எழுந்திருங்கள். புதுச் சட்டி வாங்கிவைத்திருக்கிறேன், மோர் புளித்துக்கொண்டிருக்கிறது. கிடா அனுப்புங்கள், சம்பந்தி. தூரத்திலிருந்து பார்த்தாலும் சந்தேகமே வராத, தாடி தரையில் இழுபடுகிற, மலையிலேயே அதிகமாக நாறுகிற கிடாவாகப் பார்த்து அனுப்புங்கள்.

ஜூராகான்